ஏழாமிடத்துப் பள்ளிக்கூடம்

போன மாதம் ஒரு இளம் கணித ரீச்சர் எனக்கு ரெலிபோன் எடுத்தார். தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நியமனம் கிடைத்துப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாடசாலைகளை முதலாமிடம், இரண்டாமிடம் என்று நிலைப்படுத்தி ஒரு பட்டியல் போனில் வந்திருக்கிறதாம். அவருடைய பள்ளிக்கூடம் அடியிலாம். குரலைக் கேட்டால் அழுதுவிடுவார் போலிருந்தது. "ரீச்சர், உங்கடை காலத்திலையும் இப்பிடி நிலை போட்டவையோ?" என்று கேட்டார். போடாமல் விடுவார்களா? பிள்ளைக்கு நிலை, வகுப்புக்கு நிலை, பள்ளிக்கூடத்துக்கு நிலை என்று எங்களையும் வரிசையில் நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில் நின்று எனக்கு நல்ல பழக்கம். ரெலிபோனில் நீளமாகக் கதைத்தால் எனக்குக் காது சுடும். அதனால் அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் படித்தேன். கரும்பலகையில் எழுத்துச் சாயாமல் எழுதவும், பாடக்குறிப்பு எழுதவும், அதிகாரி வந்தால் எழுந்து நிற்கவும் படிப்பித்தார்கள். வரவு பதியும் இடாப்பில் பிள்ளையின் பெயரை எப்போது வெட்டலாம், எப்படி வெட்டவேண்டும் என்று ஒரு விரிவுரையும் நடந்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், போகவில்லை. பிறகு நடந்ததெல்லாம் அந்தக் காய்ச்சலால் வந்த வினை என்று என் மச்சாள் இன்றைக்கும் சொல்வாள்.

எண்பத்துநாலாம் ஆண்டு தை மாதம் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. வேலணைத் தீவின் மேற்குக் கரையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று இருந்தது, ஆனால் எல்லாரும் கரைப் பள்ளிக்கூடம் என்றே சொல்வார்கள். சரவணையில் இருந்து சைக்கிளில் போவேன். போகும்போது காற்று எதிரே வரும், திரும்பும்போது அதுவே திசை மாறி மறுபடி எதிரே வரும். என்னையும் சேர்த்து ஐந்து ஆசிரியர்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் நான்தான். அந்த மூன்று வகுப்புகளின் இடாப்புகளும் என் பொறுப்பில் வந்தன.

அதிபர் யாக்கோப்பு மாஸ்டர். அந்தக் கரையிலேயே பிறந்தவர். அவருடைய தகப்பனும் தமையன்மாரும் கடற்றொழில், அவர் ஒருவர்தான் படித்து வாத்தியாரானவர். நெடிய, மெலிந்த மனிதர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பூட்டியிருப்பார். அவர் சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து, பிழை எவ்வளவு பெரியது என்று நாங்கள் கணக்குப் பார்ப்போம். பெரிய ஆட்களோடு நிமிர்ந்து நின்று கதைப்பார். பிள்ளைகளோடு கதைக்கும்போது மட்டும் இடுப்பை வளைத்து அவர்களின் முகத்துக்கு நேரே வந்துவிடுவார். பிற்காலத்தில் அவருக்கு நாரிப்பிடிப்பு வந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

காலையில் நாங்கள் இடாப்பு வாசிப்போம். வந்த பிள்ளைக்கு நீல மையில் ஒரு கோடு. வராத பிள்ளைக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. முதல் மணி அடித்ததும் மாஸ்டர் ஒரு பென்சில் துண்டோடு வகுப்புக்கு வருவார். இடாப்பை வாங்கி, சுழி விழுந்த பெயர்களை மட்டும் பார்ப்பார். "இவர் எங்கை?" என்று பிள்ளைகளிடம் கேட்பார். காய்ச்சல், தங்கச்சியைப் பார்க்கிறான், மாமாவின் கலியாணம் என்று அவர்கள் சொல்வார்கள். வாடிக்குப் போய்விட்டான் என்று சொன்னால், இடாப்பின் கடைசி நிரலில் அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் 'வா' என்று ஒரு சின்ன எழுத்து எழுதுவார்.

வாடி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். சோழகக் காற்று எழும்பினால் எங்கள் பக்கத்துக் கடல் குழம்பிவிடும். கரைச் சனங்களில் பலர் குடும்பத்தோடு வெளிக்கிட்டு முல்லைத்தீவுப் பக்கம் போய், கடற்கரையில் கொட்டில் போட்டுத் தொழில் செய்வார்கள். அந்தக் கொட்டில்தான் வாடி. சித்திரையில் போனால் புரட்டாதி, ஐப்பசியில் திரும்புவார்கள். பிள்ளைகளும் கூடப் போவார்கள். போகும் பிள்ளை ஒவ்வொன்றிடமும் ஒரு கொப்பியில் அத்தனை மாதத்துக் கணக்குகளையும் எழுதிக் கொடுத்துவிடுவது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். அந்தக் கணக்குகளை எழுதுவது என் வேலை. முதல் வருடம் முணுமுணுத்துக்கொண்டுதான் எழுதினேன்.

"மையாலை எழுதலாமே சேர், பென்சில் அழிஞ்சு போகுமெல்லே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அழியத்தானே ரீச்சர் எழுதிறது" என்றார்.

இனி நிலைப் பட்டியலுக்கு வருகிறேன். எங்களோடு சேர்த்து ஏழு பள்ளிக்கூடங்கள் ஒரு கொத்தணி. வருடத்தில் ஒருமுறை, இரண்டாம் தவணை முடிவில், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் பொதுச் சோதினை. வினாத்தாள் கடித உறையில் அரக்கு முத்திரையோடு வரும். ஒரு பள்ளிக்கூடத்து விடைத்தாளை இன்னொரு பள்ளிக்கூடத்து ஆசிரியர்தான் திருத்துவார். ஊர்காவற்றுறையில் ஒரு சனிக்கிழமை முழுக்க, வெறுந்தேத்தண்ணீரும் பிஸ்கற்றும் சாப்பிட்டுக்கொண்டு திருத்துவோம். பிறகு ஒவ்வொரு பள்ளிக்கூடமும் புள்ளிகளைத் தொகுத்து அனுப்பவேண்டும். மொத்தப் புள்ளியை இடாப்பில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வந்து எழுதிய பிள்ளைகளின் எண்ணிக்கையால் அல்ல. அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தி ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் மெல்லக் கற்கும் பிள்ளைகளைச் சோதினை நாளில் வீட்டில் நிற்கச் சொல்லி, நல்ல நிலை எடுத்துவிட்டார்களாம். அந்தக் கெட்டித்தனத்தை அடைக்க வந்த சட்டம் இது. கள்ளனுக்குப் போட்ட பூட்டில் எங்கள் விரல் அகப்பட்டுக்கொண்டது. இரண்டாம் தவணை முடிவு சோழகக் காலம். எங்கள் பிள்ளைகளில் கால்வாசிப் பேர் வாடியில். அவர்களுக்கெல்லாம் பூச்சியம்.

எண்பத்துநாலில் நாங்கள் ஏழாமிடம். எண்பத்தைந்திலும் ஏழாமிடம். ரோணியோவில் அடித்த பட்டியல் வரும். மாஸ்டர் அதைத் தானே கொண்டுபோய்ப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் பலகையில் ஒட்டுவார். என் மச்சாள் அதே கொத்தணியில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். அவர்கள் எப்போதும் முதலாமிடம் அல்லது இரண்டாமிடம். "என்ன, இந்த முறையும் வரிசையைக் கடைசியிலை நிண்டு காவல் பாத்தனீங்களோ?" என்று கோயிலில் வைத்துக் கேட்பாள். எனக்கு அப்போது வயது இருபத்தாறு. கணக்கில் கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் பெயர். சாமியைக் கும்பிடாமல் அவள் சேலையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன்.

வெட்கத்தோடு முடிந்திருந்தால் சமாளித்திருப்பேன். எண்பத்தாறு வைகாசியில் நடந்த கொத்தணிக் கூட்டத்தில், மூன்றாவது முறையும் கடைசியாக வரும் பள்ளிக்கூடத்தின் நடுப்பிரிவை, அதாவது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைப் பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்க்க யோசனை இருப்பதாக யாரோ சொன்னார்கள். தீர்மானம் இல்லை, கதைதான். ஆனால் நான் அந்தக் கதையை நெஞ்சில் போட்டுக்கொண்டு வந்தேன். பெரிய பள்ளிக்கூடம் மூன்று மைல். அந்த நாட்களில் தெருவில் என்ன நடக்கும் என்று காலையில் யாருக்கும் தெரியாது. பெடியன்கள் எப்படியும் போவார்கள். பெண் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடுவார்கள். அதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வகுப்புகளில் இருந்த பெண் பிள்ளைகளின் தாய்மார் அப்படி நின்றவர்கள்தான்.

அந்த வருடம் வாடிக்குப் போனவர்களின் தொகையும் கூடிவிட்டது. சண்டையால் எங்கள் கடலில் தொழிலுக்குத் தடை வந்துவிட்டது. சனம் சோழகத்துக்குக் காத்திராமல் வெளிக்கிட்டது. வாழ்ந்த வீட்டைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று வகுப்பிலும் சேர்த்து இடாப்பில் நாற்பத்தொரு பெயர். அதில் பதினொரு பெயருக்கு நேரே 'வா'.

சோதினை முடிந்து புள்ளிகள் கைக்கு வந்த கிழமை, மாஸ்டர் கண்ணில் வெண்படலம் வெட்டுவதற்காக யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பொறுப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். நான் அதிபரின் கந்தோர்க் கதிரையில் இருந்து கணக்குப் பார்த்தேன். எழுதிய முப்பது பேரும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். நாற்பத்தொன்றால் வகுத்தால் சராசரி முப்பத்தேழு. முப்பதால் வகுத்தால் ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்று என்றால் மச்சாளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம்.

தொடர்ந்து வராத பிள்ளைக்கு வீட்டுக்குக் கடிதம் போட்டு, பதில் வராவிட்டால் பெயரை வெட்டலாம் என்பது சட்டம். விரிவுரைக்குப் போகாவிட்டாலும் அவ்வளவு எனக்குத் தெரியும். பதினொரு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. பூட்டிக்கிடந்த பதினொரு வீட்டுக்குக் கடிதம் போட்டால் பதில் எங்கிருந்து வரும்? அதுவும் எனக்குத் தெரியும். அடிமட்டம் வைத்து, சிவப்பு மையால், பதினொரு பெயரையும் நேராக வெட்டினேன். கோடு ஒன்றும் கோணவில்லை. 'அதிபருக்காக' என்று ஒப்பமிட்டுத் தொகுப்பை அனுப்பினேன். அவர் ஆஸ்பத்திரியில் கண்ணை வெட்டுவித்துக்கொண்டிருந்தார், நான் இங்கே பெயரை வெட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தவணை தொடங்கிய கிழமை பட்டியல் வந்தது. நாங்கள் இரண்டாமிடம்.

பிள்ளைகள் துள்ளினார்கள். ஐந்தாம் வகுப்பு ரீச்சர் வீட்டுக்கு ஆள் அனுப்பி மோதகம் கொண்டுவந்தார். ஒரு தகப்பன் பெரிய பாரை மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கந்தோர் வாசலில் வைத்தார், சைவக்காரியான நான் என்ன செய்வது என்று தெரியாமல் அதற்கும் நன்றி சொன்னேன். மாஸ்டர் புதுக் கண்ணாடியோடு வந்து பட்டியலை வாசித்தார். முகம் மலர்ந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு சராசரியைப் பார்த்தார். அலுமாரியைத் திறந்து மூன்று இடாப்பையும் எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"கடிதம் போட்டனீரோ?"

"ஓம் சேர். பதினொண்டும் போட்டனான்."

"பூட்டின வீட்டுக்கோ?"

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே பிள்ளைகள் மோதகத்துக்கு அடிபடும் சத்தம் கேட்டது.

"சேர், மூண்டாம் முறையும் கடைசியா வந்தால் வகுப்பையே எடுத்துப் போடுவினம். இஞ்சை இருக்கிற முப்பது பிள்ளையையும் பாக்க வேண்டாமோ?" என்று கேட்டேன். என் குரல் தேவைக்கு மேல் கூடிவிட்டது.

"பாக்கத்தான் வேணும்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பட்டியலை எடுத்துக்கொண்டுபோய் வழக்கமான இடத்தில் ஒட்டினார். அதற்கு மேல் அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு கிழமை போனது. ஒரு திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்குள் போனேன். ஜன்னல் ஓரத்து வாங்கில் ஜசிந்தா இருந்தாள். வாடிக்குப் போனவர்களில் ஒருத்தி. வெயிலில் கறுத்து, வளர்ந்து, வெள்ளைச் சட்டையின் மடிப்பை அவிழ்த்து நீட்டியிருந்தாள். கணக்கில் அவளைப் போல் பிள்ளை அந்த வகுப்பில் இல்லை. நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை. இடாப்பைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். வெட்டின பெயரை வாசிக்கக் கூடாது, அதுதான் முறை. "வந்தேன் ரீச்சர், வந்தேன் ரீச்சர்" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவளுடைய பெயர் வரவேண்டிய இடத்தில் அவள் வாயைத் திறந்துவிட்டு மூடினாள். நான் அடுத்த பெயரை வாசித்தேன். கடைசிவரை வாசித்து இடாப்பை மூடினேன்.

அவள் எழும்பி நின்றாள். "ரீச்சர், நான் வந்தனான்" என்றாள்.

"ஓம் பிள்ளை, கண்டனான். இரும்."

"என்ரை பேர் வாசிக்கேல்லை."

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. நான் அவளை வெளி விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாயும் தகப்பனும் இன்னும் வாடியில்தானாம். எட்டாம் வகுப்புக் கடைசிச் சோதினையை விடக்கூடாது என்று அழுது, பெரியம்மாவோடு லொறியிலும் பஸ்ஸிலுமாக இரண்டு நாள் பயணம் செய்து வந்திருக்கிறாள். கொப்பியை என்னிடம் நீட்டினாள். சித்திரையில் நான் எழுதிக் கொடுத்த கணக்குகள். எல்லாம் செய்திருந்தாள். சில பக்கங்களில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

அப்போது நான் சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மறந்தால் நல்லது என்று நினைத்த நாட்கள் உண்டு. அவளுடைய பெயரைத் திரும்பச் சேர்த்தால் பட்டியல் பிழை என்று தெரிந்துவிடும். இரண்டாமிடம் போய்விடும். வகுப்பும் போய்விடும் என்றுதான் நான் நம்பினேன். அதனால் சொன்னேன்: "பிள்ளை, இப்ப வீட்டை இருந்து படியும். தை மாதம் வாரும். நான் புதுசாச் சேர்த்து விடுறன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்ரை பேரை வெட்டிப் போட்டியளோ ரீச்சர்?"

எனக்குப் பின்னால் மாஸ்டர் நின்றதை நான் கவனிக்கவில்லை. அவர் வந்து இடுப்பை வளைத்து அவளுடைய முகத்துக்கு நேரே குனிந்தார். "போய் உம்மடை இடத்திலை இரும் பிள்ளை" என்றார். அவள் போனாள். மாஸ்டர் கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன், தண்ணீர் கண்ணில் இருந்து வந்ததா வாளியில் இருந்து வந்ததா என்று தெரியாத அளவுக்கு.

அந்தக் கிழமையே கொத்தணியிலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே இரண்டு கடிதம். ஒன்றில், இரண்டாமிடம் பெற்றதற்குப் பாராட்டு. மற்றதில், உங்கள் நடுப்பிரிவில் பிள்ளைகளின் தொகை முப்பதாகக் குறைந்துவிட்டது, முப்பத்தைந்துக்குக் குறைந்தால் தனிப்பிரிவாக நடத்த இயலாது, ஆகவே தை மாதம் தொடக்கம் மூன்று வகுப்புகளையும் பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்க்க உத்தேசம் என்று இருந்தது. நிலையால் வகுப்புப் போகும் என்பது கூட்டத்தில் யாரோ விட்ட கதை. தொகையால் போகும் என்பது எழுத்தில் இருந்த சட்டம். நான் கதையைப் பிடித்துக்கொண்டு சட்டத்தை விட்டுவிட்டேன். எந்த வகுப்பைக் காப்பாற்றுவதற்காக வெட்டினேனோ, அந்த வகுப்பை என் கையாலேயே வெட்டியிருந்தேன்.

"உங்களுக்கு இது தெரியுமோ சேர்?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"அதுக்காகத்தானோ இவ்வளவு நாளும் பேரை வெட்டாமல் வைச்சனீங்கள்?"

"அதுக்காகவும்" என்றார். "நாளைக்கு இடாப்பு மூண்டையும் எடுத்துக்கொண்டு வாரும். ஊர்காவற்றுறைக்குப் போவம்."

பஸ்ஸில் இடாப்புகளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க அவர் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கொத்தணி அதிபர் ஒரு அம்மா. கண்டிப்பானவர் ஆனால் நேர்மையானவர். இடாப்பைப் புரட்டி, சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். "மாஸ்டர், பெயரைத் திரும்பச் சேர்த்தால் சராசரி விழும். இரண்டாமிடமும் வேணும் வகுப்பும் வேணும் எண்டால் என்னாலை தர ஏலாது. எது வேணும்?"

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ரீச்சர், நீர்தானே வெட்டினனீர். நீர் சொல்லும்."

அந்த அறையில் ஒரு மணிக்கூடு இருந்தது. அது அடிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மச்சாளின் முகம் வந்தது, மோதகம் வந்தது, அந்தப் பாரை மீனும் வந்தது. "வகுப்பு வேணும் அம்மா. பிழை என்னிலைதான். பிள்ளையள் வாடிக்குப் போனவை எண்டு தெரிஞ்சுகொண்டுதான் வெட்டினனான்" என்றேன்.

அம்மா ஒரு பேனையை நீட்டினார். பதினொரு பெயருக்கும் நேரே 'தவறுதலாக வெட்டப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். பதினொரு தரம் எழுதினேன். 'தவறுதலாக' என்ற சொல் பொய் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதற்குச் சட்டத்தில் வேறு சொல் இல்லை. மாஸ்டர் ஒவ்வொன்றின் கீழும் தன் ஒப்பத்தை வைத்தார். எழுதி முடிந்ததும் அம்மா, "வாரும், தேத்தண்ணி குடியும்" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

திருத்திய பட்டியல் வந்தது. நாங்கள் ஏழாமிடம். நான் அதை மேசை லாச்சிக்குள் வைத்துவிடலாம் என்று பார்த்தேன். மாஸ்டர் விடவில்லை. பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில், அதே உயரத்தில் இதை ஒட்டினார். பிள்ளைகள் கூடி நின்று வாசித்தார்கள். பிறகு ஆறாம் வகுப்புக் குட்டி ஒருத்தி, "கீழையிருந்து வாசிச்சால் நாங்கள்தான் முதலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

மறுநாள் காலை எட்டாம் வகுப்பு இடாப்பை வாசித்தேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்த பெயரை உரக்க வாசித்தேன். "வந்தேன் ரீச்சர்" என்றாள் ஜசிந்தா. நீலக் கோட்டைப் போட்டுவிட்டு, கடைசி நிரலில் இருந்த பென்சில் எழுத்தை றப்பரால் அழித்தேன். மார்கழிச் சோதினையில் அவள் கணக்கில் முதலாம். எங்கள் நடுப்பிரிவு தை மாதமும் நடந்தது, அதற்குப் பிறகும் நடந்தது. அந்தப் பதினொரு பேரில் ஒன்பது பேர் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அமலதாஸும் அவனுடைய தங்கை பிலோமினாவும் மட்டும் வரவில்லை. கேட்டவர்களெல்லாம் ஒவ்வொரு கதை சொன்னார்கள்.

அடுத்தடுத்த வருடங்களில் ஆறாமிடம் வந்தோம், திரும்ப ஏழாமிடம் வந்தோம். ஒருமுறை ஐந்து. அந்த ஐந்தாமிடத்துக்கு மச்சாள் என்னைத் தேடிவந்து கை தந்தாள். பரிகாசத்துக்குத்தான் வந்திருப்பாள், ஆனால் கையை இறுக்கித்தான் பிடித்தாள்.

தொண்ணூறில் சண்டை வந்து தீவுகளைவிட்டுச் சனம் வெளிக்கிட்டது. எங்கள் பள்ளிக்கூடமும் வெளிக்கிட்டது. பள்ளிக்கூடம் என்று நான் சொல்வது ஒரு சீனிச் சாக்கை. மாஸ்டர் வீட்டுச் சாமான் ஒன்றும் எடுக்காமல் இடாப்புகளை அந்தச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடம் பின்னேரத்தில் எங்களுக்கு இரண்டு அறை தந்தது. அவருக்கு அப்போது ஓய்வு பெறும் வயது, உடம்பும் முடியாது. ஆனாலும் முதல் நாள் வந்து வாசலில் ஒரு கதிரையில் இருந்தார்.

நான் இடாப்பைத் திறந்து வாசித்தேன். முப்பத்தெட்டுப் பெயர். ஆறு பேர் "வந்தேன் ரீச்சர்" என்றார்கள். மற்றப் பெயர்களை வாசித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு சுழிகளைப் போட்டுக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். எந்தப் பிள்ளை எந்த ஊரில், எந்தக் கோயில் மண்டபத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"சேர், இவையள் வாடிக்குப் போகேல்லையே. கடைசி நிரலிலை என்னத்தை எழுதிறது?"

அவர் சட்டைப் பையில் இருந்து பென்சில் துண்டை எடுத்து என்னிடம் தந்தார்.

"அதையே எழுதும்" என்றார்.

முப்பத்திரண்டு தரம் 'வா' என்று எழுதினேன். ஏழு வருடமாக அந்த எழுத்தை நான் வாடி என்றுதான் வாசித்துவந்தேன். கணக்கில் கெட்டிக்காரி, தமிழில் மட்டம்.

மாதக் கணக்கில் ஒன்று, இரண்டாக வந்து சேர்ந்தார்கள். வர வர அழித்தேன். எனக்கு அதற்கு மூன்று றப்பர் முடிந்தது. மாஸ்டர் தொண்ணூற்றிரண்டில் காலமானார். அந்த இரண்டு வருடமும் கொத்தணிச் சோதினை நடக்கவில்லை, எங்களுக்கு ஒரு நிலையும் இல்லை.

ரெலிபோன் எடுத்த பிள்ளையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பட்டியலை ஒட்டும், பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டும், ஆனால் அதற்காக யாருடைய பெயரையும் வெட்டாதேயும். அவர் சரி என்றார், விளங்கிச் சொன்னாரா தெரியாது.

எண்பத்தாறாம் ஆண்டு இடாப்புகள் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அரசாங்கச் சொத்து, வீட்டில் வைத்திருக்கக் கூடாது, வைத்திருக்கிறேன். அமலதாஸ், பிலோமினா என்ற இரண்டு பெயர்களுக்கும் மேலே என் சிவப்புக் கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில் 'தவறுதலாக வெட்டப்பட்டது'. கடைசி நிரலில் மாஸ்டரின் பென்சில் எழுத்து. மங்கிவிட்டது, ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்கலாம். றப்பர் என் மேசையில்தான் இருக்கிறது.